எஸ்லினைத் தூக்கிய கை

யார் யார் இருந்தார்கள், எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். நாளைக்கு யாரும் ‘நான் அங்கே இல்லை, என் காதில் விழவில்லை’ என்று சொல்லிவிடக் கூடாது.

இடம், கோயிலை ஒட்டி, போதகர் அங்கி மாற்றுகிற வெஸ்ட்ரி அறை. ஞாயிறு ஆராதனை முடிந்து சபையார் கலைந்த பிறகு. மேஜைக்குப் பின்னால், கைவைத்த ஒரே நாற்காலியில் சேகரகுரு, அதாவது எங்கள் வட்டாரச் சபைகளின் போதகர். எங்கள் ஊரில் ஐயர் என்போம். அவருக்கு இடப்பக்கம் சேகரக் காரியதரிசி செல்வமணி அண்ணாச்சி. மின்விசிறிக்கு நேர் கீழே என் தங்கை டார்லினின் மாமியார் சாரம்மாள். தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். உட்காருகிற இடமெல்லாம் அவருக்குப் பள்ளிக்கூடம்தான். பக்கத்தில் மாமனார் சாலமோன், மடித்த குடையை முழங்காலில் சாய்த்துக்கொண்டு. இவர்களுக்குப் பின்னால், அங்கி மாட்டும் அலமாரியை ஒட்டி, மகள் பெர்லின். பெர்லினின் மடியில் என் தங்கை பெற்ற பிள்ளை எஸ்லின், ஐந்து மாதக் குழந்தை.

கதவோரப் பெஞ்சில் நாங்கள்: அம்மா, டார்லின், நான். டார்லினின் வலது மணிக்கட்டில் டாக்டர் போட்ட பட்டை, கட்டைவிரலையும் சேர்த்து இறுக்கிப் பிடித்திருந்தது. அவளுக்கும் அவள் பிள்ளைக்கும் நடுவே அந்தப் பெரிய மேஜை. பெஞ்சை அங்கே போடச் சொன்னது யார் என்று நான் கேட்கவில்லை. சாரம்மாளின் முகத்திலேயே எழுதியிருந்தது.

டார்லினின் கணவன் ஜெனோ வரவில்லை. அவன் மஸ்கட்டில் இருக்கிறான்.

பேச வேண்டியது ஒன்றே ஒன்றுதான். எஸ்லின் யாரிடம் இருப்பது? தாயிடம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட வேண்டிய காரியம். அதற்கு ஒரு கூட்டம்.

எல்லாம் எஸ்லினின் ஞானஸ்நானத்தன்று ஆரம்பித்தது. எங்கள் சேகரத்தில் தாய்தான் பிள்ளையைத் தன் கையால் ஐயரிடம் கொடுக்க வேண்டும். ஞானத்தாய் பின்னால் நிற்பாள், அவ்வளவுதான். டார்லின் வலது உள்ளங்கையில் பிள்ளையின் தலையைத் தாங்கியபடி ஞானஸ்நானத் தொட்டியண்டை போய் நின்று நீட்டினாள். நீட்டினவள் ‘ஸ்’ என்று பல்லைக் கடித்தாள். கை அப்படியே மடங்கிற்று. பிள்ளையின் தலை சரிய, ஐயர் எட்டிப் பிடித்துவிட்டார். வெள்ளிக் கிண்ணம்தான் கீழே விழுந்து கோயில் முழுக்க உருண்டது. பிள்ளைக்கு ஒரு கீறல் இல்லை. தண்ணீர் பட்டு அழ வேண்டிய அழுகையைக் கொஞ்சம் முன்னாலேயே அழுதது.

விருந்துச் சாப்பாடு முடிந்து பந்திப்பாய் சுருட்டுவதற்குள் சாரம்மாள் டார்லினின் துணிகளை ஒரு பையில் திணித்து ஆட்டோ பிடித்துவிட்டார். “கை விளங்காதவ கிட்ட பிள்ளைய குடுத்துட்டு நான் ஜெயிலுக்குப் போகவா? கைய சரியாக்கிட்டு வா, அப்புறம் பாப்போம்” என்றாராம். பிள்ளை அங்கே, தாய் இங்கே. பிள்ளைக்குப் புட்டிப்பால். இங்கே டார்லினுக்குப் பால் கட்டிக் காய்ச்சல். பீய்ச்சிவிட அவள் வலது கை ஒத்துழைக்கவில்லை; அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஒத்தடம் கொடுத்துக்கொண்டே அழுதாள். நான் வண்ணார்பேட்டையில் ஒரு பார்சல் ஆபீசில் புகார்க் கடிதங்களுக்குப் பதில் எழுதுகிறவன். ஊரார் பெட்டி உடைந்ததற்கெல்லாம் மரியாதையாகப் பதில் எழுதிவிட்டு வீட்டுக்கு வந்தால் இந்தக் காட்சி. பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலித்தது.

எலும்பு டாக்டரிடம் நான்தான் கூட்டிப்போனேன். அந்த டாக்டரம்மா கையைத் தொடுவதற்கு முன்பே கேட்டார், “பிள்ளைக்கு எத்தன மாசம்?”

“அஞ்சு.”

“கட்டைவிரல உள்ள வச்சு மடக்கிக்கோ. முஷ்டி பிடிச்ச மாதிரி. இப்ப சுண்டுவிரல் பக்கமா பைய சாய்.”

டார்லின் போட்ட சத்தத்தில் வெளியே வரிசையில் இருந்தவர்கள் எழுந்து எட்டிப் பார்த்தார்கள்.

டாக்டரம்மா படம் போட்டே காட்டினார். கட்டைவிரலை அசைக்கிற இரண்டு தசைநார்கள் மணிக்கட்டில் ஓர் உறைக்குள் ஓடுகின்றன. கட்டைவிரலை விரித்து விரித்துப் பிள்ளையின் அக்குளில் கொடுத்துத் தூக்கித் தூக்கி, அந்த உறை வீங்கி நார்களை நெரிக்கிறது. கைப்பிள்ளைக்காரிகளுக்கு இது ரொம்ப சகஜமாம். யாரோ ஒரு வெள்ளைக்கார டாக்டரின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள். பட்டை போட்டு, ஊசி போட்டு, கைக்கு ஓய்வு கொடுத்தால் அநேகமாகச் சரியாகிவிடும். இல்லையென்றால் சின்னதாக ஓர் ஆபரேஷன்.

“வீட்டுல தொட்டில் இல்லியா?” என்று கேட்டார்.

அதைக் கேட்டதும்தான் டார்லின் அழுதாள்.

இல்லை. தொட்டிலில் போட்டால் தலை சப்பையாகும், தரையில் விட்டால் சளி பிடிக்கும். சாரம்மாள் வீட்டுச் சட்டம் அது. விடிந்தது முதல் பிள்ளை கையிலேயே இருக்க வேண்டும். தூங்கினாலும் கையில். சரி, யார் கையில்? மாமியாருக்கு முட்டுவலி. நாத்தனாருக்குப் பரீட்சை. பிள்ளைத்துணியை மெஷினில் போடக் கூடாது, அதுவும் சட்டம். இவள்தான் பிழிய வேண்டும். வலிக்கிறது என்று சொன்னபோது சாரம்மாள் சொன்ன பதில், “பிள்ள பெத்தவளுக்கெல்லாம் இருக்கதுதாம்ளா. நாங்க பெறலியா?”

டாக்டரம்மா மணிக்கட்டுக்கு மேலே நீலம் பாரித்த இடத்தைத் தொட்டுப் பார்த்தார். “இத யாரு பிடிச்சு இழுத்தது?”

“சுளுக்கு எடுத்தாவ” என்றாள் டார்லின். அதற்கு மேல் அங்கே வாயைத் திறக்கவில்லை.

வெளியே வந்து இளநீர்க்கடை நிழலில் நின்றபோது சொன்னாள். ஞானஸ்நானத்துக்கு முந்தின சாயங்காலம். விருந்துக்குக் காய்கறி மலைபோலக் கிடக்கிறது. இவளால் அரிவாள்மணையில் உட்கார்ந்து ஒரு கத்திரிக்காயைப் பிடிக்க முடியவில்லை. சாரம்மாள் மாமனாரிடம் கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, இவளை ஆற்றுக்கு அந்தப் பக்கம் சுடலையாண்டி என்ற சுளுக்கு எடுக்கிறவரிடம் கூட்டிப்போயிருக்கிறார். அவர் எண்ணெய் போட்டு நீவி, கட்டைவிரலைப் பிடித்துச் சுண்டி இழுத்திருக்கிறார். வீங்கிப்போன உறைக்குள் அழுந்திக் கிடந்த நாரைச் சுண்டி இழுத்தால் என்ன ஆகும்? மறுநாள் காலையில் அதே கையால் பிள்ளையை நீட்டச் சொன்னார்கள். நீட்டினாள்.

“இது போதும். கோயில்லதான் முதல்ல தெரியும்னு சொல்லிட்டுத் திரியுதாவல்லா? ஞாயித்துக்கிழமை ஐயர் முன்னால இத நான் சொல்லுதேன்” என்றேன்.

“அண்ணே, நீ சொல்லக்கூடாது. அத்தைய எல்லாரு முன்னாலயும் பொய்க்காரி ஆக்குனா பிள்ளைய தரவே மாட்டாவ. எனக்கு நியாயம் வேண்டாம், பிள்ளதான் வேணும். சத்தியம் பண்ணு.”

சத்தியம் செய்தேன். அந்தச் சத்தியத்தோடுதான் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அடுப்பில் வைத்த மூடிபோட்ட பானையில் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

சாரம்மாள் ஆரம்பித்தார். “ஐயரே, நான் யாரையும் குத்தம் சொல்ல வரல. ஒரே ஒரு விஷயம். இந்தப் பொண்ணுக்குக் கல்யாணத்துக்கு முன்னாலயே கையில குறை இருந்திருக்கு. மறைச்சுக் கட்டி வச்சிட்டாவ. கோயில்ல அத்தன பேரு முன்னால கிண்ணம் விழுந்தபிறகுதான் எங்களுக்கே தெரியுது.”

அம்மா என் தொடையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். நான் எழுந்துவிடாமல் இருக்க.

“ஆதாரம் இருக்கா டீச்சர்?” என்றார் செல்வமணி அண்ணாச்சி.

“பெர்லின், காட்டு.”

பெர்லின் ஒரு கையால் பிள்ளையை அணைத்தபடி மறுகையால் போனை நீட்டினாள். கல்யாணப் படம். வெள்ளைப் பட்டுச் சேலையில் டார்லின், கோட்டுப் போட்ட ஜெனோ.

“பூச்செண்டு எந்தக் கையில இருக்கு, பாருங்க” என்றார் சாரம்மாள், கரும்பலகையைக் காட்டுவதைப் போல. “இடது கையில! எந்தப் பொண்ணாவது கல்யாணத்தன்னைக்கு இடது கையில பூ பிடிப்பாளா? வலது கை அப்பவே விளங்கல.”

ஐயர் போனை வாங்கிக் கண்ணாடியை உயர்த்திப் பார்த்தார். பார்த்துவிட்டு, “ம்ம்” என்றார். ம்ம்! அந்த ‘ம்ம்’மை நான் செத்தாலும் மறக்க மாட்டேன். அந்தப் படத்தில் டார்லினின் வலது கை இவர்கள் மகனின் முழங்கைக்குள் கோத்துக்கொண்டிருக்கிறது. ஒரு சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். மாப்பிள்ளையின் இடப்பக்கம் நிற்கிற பெண் வேறு எந்தக் கையில் பூ பிடிப்பாள்? இத்தனை வருஷமாக எத்தனை கல்யாணம் செய்துவைத்த ஐயர்! அவருக்குத் தெரியாதா?

“மதினி” என்றாள் அம்மா. குரல் மெல்லியதாகத்தான் இருந்தது. “உங்க மருமவ இந்த ரூம்ல, இந்த மேசைல வச்சுத்தானே கல்யாணக் கையெழுத்துப் போட்டா? அது என்ன, கால் விரலாலயா போட்டா?”

செல்வமணி அண்ணாச்சி சிரித்துவிட்டு அதை இருமலாக மாற்றினார்.

“எகத்தாளம் பேசாதிய” என்றார் சாரம்மாள். “என் பேத்தி கீழ விழுந்திருந்தா?”

“உங்க பேத்திய அவ ஒருத்தி கைதான் இம்புட்டு நாளும் தூக்கிச்சு. நீங்க எத்தன மட்டம் தூக்குனிய?”

“தூக்குததுக்கு எனக்குக் கால் முட்டு இருக்கா?”

“அவளுக்குக் கை இருந்துச்சில்லா. அது போதாதா உங்களுக்கு!” அம்மாவின் குரல் ஏறிவிட்டது. “வலிக்கி வலிக்கின்னு பிள்ள சொல்லியிருக்கா. ஒரு வைத்தியம் பாத்தியளா? வளத்த நாய்க்குக் காலு வலிச்சாக்கூட ஒரு மருந்து போட்டு விடுவாவ. வைத்தியம் பாக்காத வீட்டுலயா என் பிள்ளைய குடுத்தேன்?”

இந்த இடத்தில்தான் சாரம்மாளுக்குத் தாங்கவில்லை. அவர் வீட்டைக் குறை சொன்னால் பொறுப்பார்; அவர் கடமையைக் குறை சொன்னால் பொறுக்க மாட்டார்.

“யாரு பாக்கல? வாய்க்கு வந்தபடி பேசாதிய! நானே கூட்டிட்டுப் போனேன். சுடலையாண்டி கிட்ட. ஞானஸ்நானத்துக்கு முந்தின நாளு, அம்புட்டு வேலைக்கு நடுவுல, ஆட்டோ பிடிச்சு, பக்கத்துல நின்னு சுளுக்கு எடுத்து விட்டுக் கூட்டியாந்தேன். எந்த மாமியா செய்வா? கேட்டுப் பாருங்க அவகிட்டயே!”



அதுவரை குடையைப் பார்த்துக்கொண்டிருந்த சாலமோன் மாமா பைய நிமிர்ந்தார். “முந்தின நாளா?”

“ஆமா.”

“கடைக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போன அன்னைக்கா?”

சாரம்மாள் முந்தானையை இழுத்துச் செருகினார்.

“ஏளா சாரா, அப்ப அந்தக் கை வலிக்குதுன்னு உனக்குத் தெரியும். தெரிஞ்சுமா அந்தக் கையிலயே பிள்ளைய நீட்டச் சொன்ன? இப்ப கோயில்லதான் முதல்ல தெரியும்னு ஐயர்கிட்ட சொல்லுத?”

நான் சத்தியத்தை மீறவில்லை. மீற வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று. இனி என்ன இருக்கிறது, ஐயர் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், பிள்ளை இந்தப் பக்கம் வர வேண்டும். நான் ஐயரையே பார்த்துக்கொண்டிருந்தேன். சேகரத்துப் பள்ளிக்கூடத்துக்குப் புதுக் கட்டடம் கட்ட முன்நின்றவர் சாரம்மாள். ஐயர் வீட்டு வராந்தாவில் கிடக்கிற சோபாகூட அவர்கள் வாங்கிக் கொடுத்தது. நான் இதைச் சொல்லக் கூடாதுதான். சொல்லிவிட்டேன்.

ஐயர் தொண்டையைச் செருமினார். “யாரு மேல தப்புன்னு நாம ஆராய வேண்டாம். ரெண்டு பக்கமும் மனத்தாழ்மை வேணும். டார்லினுக்குக் கை சுகமாகட்டும். அதுவரைக்கும் பிள்ளை பாட்டி வீட்டுலயே இருக்கட்டும். அதான் எல்லாருக்கும் சமாதானம். ஜெபம் பண்ணி முடிச்சிருவோம்.”

“ஐயரே…” என்று நான் எழுந்தேன்.

“ஜெபிப்போம்” என்று அவர் கண்ணை மூடிவிட்டார்.

ஜெபிப்போம் என்றால் எங்கள் ஊரில் எல்லாரும் கண்ணை மூடிவிடுவோம். பழக்கம். சண்டை பாதியில் நின்றாலும் சரி, வாயில் சோறு இருந்தாலும் சரி. சாரம்மாள் மூடினார். செல்வமணி அண்ணாச்சி மூடினார். அம்மாகூட, கண்ணீர் ஒழுகிக்கொண்டிருக்கும்போதே, முந்தானையைத் தலையில் இழுத்துக்கொண்டு மூடினாள். நான் மூடவில்லை. என்னால் முடியவில்லை. ஐயரின் ஜெபம் நீளமானது என்று ஊருக்கே தெரியும். சிருஷ்டிப்பில் ஆரம்பித்து மழைக்கு வந்து, அணைத் தண்ணீருக்கு வந்து, தேர்வு எழுதுகிற பிள்ளைகளுக்கு வந்துகொண்டிருந்தது.

டார்லின் எழுந்தாள்.

செருப்பைப் பெஞ்சுக்கு அடியிலேயே விட்டுவிட்டாள். மேஜையைச் சுற்றிக்கொண்டு, மாமனாரின் குடையைத் தாண்டி, அலமாரிப் பக்கம் போனாள். பெர்லினின் கண்கள் திறந்தேதான் இருந்தன. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எஸ்லின் தாயைக் கண்டதும் காலை உதைத்து ‘ங்ஆ’ என்றது. ஐயர் அதையும் ஆமோதிப்பாக எடுத்துக்கொண்டு இன்னும் உருக்கமாக ஜெபித்தார்.

டாக்டரம்மா சொல்லிக்கொடுத்திருந்தார்: கட்டைவிரலை விரித்துத் தூக்காதே, உள்ளங்கை மேலே பார்க்க இரண்டு முன்கையையும் பிள்ளைக்கு அடியில் கொடுத்து, முழங்கையில் பாரம் தாங்கி, மார்போடு சேர்த்து எழு. வீட்டில் தலையணையை வைத்து டார்லின் பழகியதைப் பார்த்திருக்கிறேன். இப்போது அப்படியே குனிந்தாள். இரண்டு கைகளையும் பாய்போல நீட்டினாள். பெர்லின் தன் கைகளை எடுத்துவிட்டாள். எடுத்துவிட்டு, பிள்ளையின் தொப்பியை நேராக்கினாள். அந்த ஒரு காரியத்துக்காக அவள் பரீட்சை எழுதியதை நான் மன்னிக்கிறேன்.

டார்லின் எழுந்து நின்றாள். ஒரு சத்தமும் அவளிடமிருந்து வரவில்லை. ‘ஸ்’ என்றுகூட இல்லை.

ஐயர் ‘ஆமென்’ சொல்லிக் கண்ணைத் திறந்தபோது அவள் வாசற்படியில் இருந்தாள். நான் செருப்பை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். அம்மா தான் சொல்ல வேண்டிய ஆமெனைக் கதவுக்கு வெளியே நின்று சத்தமாகச் சொன்னாள்.

“பிள்ளைய தூக்கிட்டுப் போறா! ஐயரே! ஜெப நேரத்துல! தேவ சந்நிதில திருட்டு!” சாரம்மாள் வேப்பமரம் வரை வந்துவிட்டார். முட்டுவலி எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

டார்லின் திரும்பினாள். “அத்தை, பிள்ள பசிக்கு முனங்குது. உங்ககிட்ட பால் இருக்கா?”

சாலமோன் மாமா பின்னாலேயே வந்து குடையை விரித்து என் தங்கையின் தலைக்கு மேல் பிடித்தார். ஆட்டோ வரும்வரை பிடித்துக்கொண்டே நின்றார். மனைவியின் பக்கம் திரும்பவே இல்லை.

வீட்டுக்கு வந்து பிள்ளை பால் குடித்துத் தூங்கிற்று. எனக்குக் கோபம் அடங்கவில்லை. ஜெனோவுக்குப் போன் போட்டேன். எடுத்தான். “மச்சான், அம்மா எல்லாம் சொல்லிட்டாவ. பெரியவங்க சொல்லுத மாதிரி கேளுங்க, டூட்டில இருக்கேன்” என்று வைத்துவிட்டான். மறுபடி போட்டேன், எடுக்கவில்லை. பேசினால் வைத்துவிடலாம். கடிதத்தை எப்படி வைப்பான்?

உட்கார்ந்து எழுதினேன். தேதி, இடம், பொருள், பார்வை எல்லாம் போட்டு, வரிசை எண் கொடுத்து, தொட்டிலில் ஆரம்பித்து, துணி பிழிந்தது, சுடலையாண்டி, பூச்செண்டு, ஐயரின் ‘ம்ம்’ வரை. ஒவ்வொரு வரியிலும் பேனா தாளைக் கிழித்தது. வாசித்துக் காட்டினேன். டார்லின் தலையணையில் முன்கையை வைத்துப் பிள்ளையைத் தாங்கியபடி கேட்டாள்.

“நல்லா இருக்கு. கிழிச்சிரு” என்றாள்.

“ஏம்ட்டி?”

“அவுக அம்மாவப் பத்தி எழுதுனா அவுக அம்மாவப் பத்தித்தான் பதில் வரும். நான் சொல்லுதேன், நீ எழுது.”

அவள் சொன்னதை அப்படியே எழுதினேன். என் கையெழுத்து, அவள் வார்த்தை.

‘பிள்ளை என்னிடம் இருக்கிறது. நன்றாக இருக்கிறது. என் கையில் ஊசி போட்டிருக்கிறார்கள், சரியாகும் என்கிறார்கள். ஆகாவிட்டால் சின்ன ஆபரேஷன். லீவில் வரும்போது நேராக இங்கே வாருங்கள். நமக்குத் தனியாக ஒரு வீடு பார்க்க வேண்டும். சின்ன வீடு போதும். மேலே தொட்டில் கட்ட ஒரு கொக்கி இருக்க வேண்டும். கொக்கி இல்லாத வீட்டுக்கு நான் வர மாட்டேன்.’

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

எனக்குப் போதவில்லை. என் பங்குக்கு ஒன்றாவது வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். டாக்டரம்மாவின் சீட்டை நகல் எடுத்தேன். வண்ணார்பேட்டை ஸ்டூடியோவில் அந்தக் கல்யாணப் படத்தைப் பிரிண்ட் போட்டு, ஜெனோவின் முழங்கைக்குள் கோத்திருக்கிற வலது கையைச் சுற்றிச் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டேன். ஒரு வார்த்தையும் எழுதவில்லை. டார்லின் வட்டத்தைப் பார்த்தாள். “இது இருக்கட்டும்” என்று தானே உறைக்குள் தள்ளினாள்.

கோந்து தடவி மடக்கினேன். ஒட்டவில்லை, ஓரம் தூக்கிக்கொண்டே நின்றது. டார்லின் அதை வாங்கிக்கொண்டாள். கட்டைவிரலால் அவளால் அழுத்த முடியாது. மேஜையில் உறையைக் கவிழ்த்து, அதன் மேல் முன்கையை வைத்து, உடம்புப் பாரம் முழுவதையும் அதில் இறக்கினாள். கோந்து காய்கிறவரை எடுக்கவில்லை.

பாளையங்கோட்டைத் தபால் ஆபீசில் வெளிநாட்டு ஸ்பீட் போஸ்ட் கவுண்டரில் இருந்த அம்மாள் உறையைத் தராசில் போட்டுக்கொண்டே, “உள்ள என்ன இருக்கு?” என்று கேட்டார்.

“கடுதாசி. ஒரு டாக்டர் சீட்டு. ஒரு போட்டோ.”

ஓரத்தை நகத்தால் நிமிண்டிப் பார்த்தார். அசையவில்லை. முத்திரையை ஓங்கி ஒரு குத்துக் குத்தி, உறையைப் பின்னாலிருந்த சாக்குக்குள் எறிந்தார்.